பல்லும் புளித்த பாலும்: பற்சூத்தைக்கு எதிரான நுண்ணுயிர்ச் சோதனைகளின் வரலாறு

கொழும்பு மாநகரின் தென்புறத்தே வெள்ளவத்தைக் காலி வீதியிலும், வடபுறத்தே கொட்டாஞ்சேனை ஜம்பெட்டா வீதியிலும் உள்ள கடைகளில் இருவகைப் பாற்பொருள்கள் அருகருகே இருக்கக் காணலாம். ஒன்று மட்சட்டியில் உறைந்த எருமைத் தயிர். மற்றொன்று சிறு கிண்ணத்தில் அடைபட்ட இனிப்பு யோகற். இரண்டும் பாலைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்களின் தொழிலால் ஆனவை. அப்பற்றீரியாக்களுட் சில குடலுக்கு நன்மை செய்வன என்ற கருத்து இன்று பலருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது. அவை பல்லையுங் காக்குமா, சூத்தை பற்றத் தொடங்கிய பல்லை மீட்குமா என்ற வினாவோ அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. எனினும், கால் நூற்றாண்டுக் காலமாகப் பின்லாந்து, சுவீடன், சிலி, நியூசிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் பல்வைத்திய ஆய்வாளர்கள் இவ்வினாவைச் சோதனைக்கு உட்படுத்தி வந்துள்ளனர்.

இவ்வினாவின் வரலாறு விசித்திரமானது. பல்லை அரிக்கும் குற்றவாளி என ஒரு காலத்திற் சுட்டப்பெற்ற நுண்ணுயிரினமே பிறிதொரு காலத்தில் பல்லுக்குக் காவலாக அழைக்கப்பட்டது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிவதற்குச் சூத்தைப் பல்லைப்பற்றி மனிதர் கொண்டிருந்த கருத்துகளைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

பல்லினுள்ளே புழுவொன்று இருந்து அதனை அரிக்கின்றது என்பது மிகப் பழைய நம்பிக்கை. பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலே பற்புழுவை ஓட்டும் மந்திரம் ஒன்று காணப்படுகின்றது. தமிழரிடையேயும் பூச்சிப்பல் என்ற வழக்கு இன்றும் உண்டு. கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டு, எழும் புகையை வாயிற் பிடித்துப் பூச்சியை வெளியேற்றும் கைவைத்தியம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்கியது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்று பழமொழி கூறும். உமிக்கரியும் உப்பும் ஏழைவீட்டுப் பற்பொடிகளாயிருந்தன. புழுக் கொள்கையை ஐரோப்பாவில் வலிமையுடன் மறுத்தவர் பிரான்சிய பல்வைத்தியரான பியர் ஃபொஷார் ஆவார். 1728இல் வெளியான தமது பெருநூலில் அவர் பற்புழு என ஒன்றைத் தாம் கண்டதில்லை என்ற கருத்தை முன்வைத்ததோடு, இனிப்புப் பண்டங்களின்மீதும் பழி சுமத்தினார். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1683இல், ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகர வணிகரான லீவன்ஹூக் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டியெடுத்த வெண்மாவைத் தாம் செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அதனுள் உலவும் சிற்றுயிர்களைக் கண்டு இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு எழுதியிருந்தார். புழு இல்லை, ஆனால் உயிர் இருந்தது. இவ்விரண்டு செய்திகளையும் இணைத்துப் பார்க்க மேலும் இரு நூற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தன.

அவ்விணைப்பைச் செய்தவர் வில்லோபி மில்லர் என்னும் அமெரிக்கர். பேர்ளினிலே றொபேட் கொக்கின் ஆய்வுகூடச் சூழலிற் பயின்ற இவர், பிடுங்கிய பற்களை எச்சிலும் பாணும் கலந்த கலவையில் வைத்திருந்தபோது அவற்றின் மிளிரி கரைந்து மென்மையாவதைக் கண்டார். மாப்பொருளுக்குப் பதிலாகக் கொழுப்பை இட்டபோது அவ்வாறு நிகழவில்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சீனியையும் மாப்பொருளையும் நொதிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் சுண்ணத்தைக் கரைக்கின்றது. 1890இல் ஆங்கிலத்தில் வெளியான அவரது நூலின் சாரம் இதுவே. இன்றளவும் இவ்வடிப்படை மாறவில்லை. எந்த நுண்ணுயிர் என்ற வினாவுக்கு மட்டும் மில்லர் ஒரு பெயரைக் கூறவில்லை. பல உயிர்கள் கூடிச் செய்யும் தொழில் என்றே அவர் கருதினார். பின்வந்தோர் இதனைக் குறைபாடாக எண்ணினர். உண்மையில் அது குறைபாடன்று என்பது நூறு ஆண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று.

ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்பது அக்கால மருத்துவ அறிவியலின் வேட்கையாயிருந்தது. 1922இல் இலண்டனைச் சேர்ந்த மக்கின்ரொஷும் அவருடைய துணைவர்களும் சூத்தைக் குழிகளிலிருந்து லக்ரோபசிலஸ் இனத்தைப் பிரித்தெடுத்து அதனையே குற்றவாளியாக்கினர். அமிலத்தைச் செய்யவும் அமிலத்திலேயே வாழவும் வல்ல அவ்வினத்தின்மீது ஐயம் எழுந்தது இயல்பே. 1930களில் எச்சிலிலுள்ள லக்ரோபசிலஸ்களை எண்ணி, எண்ணிக்கை மிகுந்தோரைச் சூத்தைக்கு ஆளாகக்கூடியோர் எனக் கணிக்கும் முறை அமெரிக்காவிலே வழக்கத்துக்கு வந்தது. தயிரையும் மோரையும் ஆக்கும் கூட்டத்தின் நெருங்கிய உறவினமே இது என்பது கவனிக்கத்தக்கது. இதற்கிடையில், 1924இல், இலண்டனின் கிளார்க் என்பவர் பிறிதோர் உயிரைக் கண்டிருந்தார். வளர்ப்பூடகத்துக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டமையால் அதற்கு ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூற்றன்ஸ் எனப் பெயரிட்டார். அக்கண்டுபிடிப்பு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1954இல் ஓலண்டும் அவருடைய குழுவினரும் கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளுக்குச் சீனி மிகுந்த உணவைக் கொடுத்தனர். அவ்வெலிகளின் பற்களிற் சூத்தை தோன்றவில்லை. கிருமி இன்றிச் சூத்தை இல்லை என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. 1960இல் அமெரிக்கத் தேசிய பல்வைத்திய ஆய்வு நிறுவனத்தின் போல் கீஸ், சூத்தை ஒரு வெள்ளெலியிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றக்கூடியது எனக் காட்டினார். அதன் பின்னரே கிளார்க்கின் மறக்கப்பட்ட உயிர் அரங்கின் நடுவுக்கு வந்தது. சீனியிலிருந்து பசைப்பொருளைச் செய்து பல்லிற் படையாக ஒட்டிக்கொள்ளும் அதன் ஆற்றலே அதனைப் பேராபத்தாக்கியது. லக்ரோபசிலஸ் குழியைத் தோண்டுவதன்று, தோண்டிய குழியிற் குடியேறுவது என்று கருத்து மாறிற்று. பழைய குற்றவாளிக்குப் பாதி விடுதலை கிடைத்தது எனலாம்.

1970களில் இப்புதிய பகைவனுக்கு எதிராகத் தடுப்பூசி செய்யும் முயற்சிகள் இலண்டனிலே குரங்குகளில் நடைபெற்றன. அம்மருந்து எதிர்பாராத வகையில் இதயத் திசுவைத் தாக்கும் உடலெதிர்ப்பைத் தூண்டிவிடலாம் என்ற அச்சமும், உயிருக்கு ஊறு செய்யாத நோய்க்கு அத்துணை ஆபத்தை ஏற்பது தகுமா என்ற வினாவும் அவ்வழியை மூடின.

மற்றொரு நீரோட்டம் பாரிசிலிருந்து புறப்பட்டது. பாஸ்ரர் நிறுவனத்தில் ஆய்வு செய்த ருசிய அறிஞர் இலியா மெச்னிக்கோவ், 1907இல், பல்கேரிய உழவர் புளித்த பாலை மிகுதியாக உண்பதற்கும் அவர்தம் நீண்ட ஆயுளுக்கும் தொடர்புண்டு என எழுதினார். குடலிலுள்ள அழுகற் கிருமிகளைப் பாலின் கிருமிகள் அடக்கும் என்பது அவரது எண்ணம். அடுத்த ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது வேறோர் ஆய்வுக்காக எனினும், அப்புகழ் புளித்த பாலுக்கும் சேர்ந்தது. ஜப்பானின் கியோற்றோவில் ஷிரோற்றா மினோரு 1930இல் ஒரு லக்ரோபசிலஸ் இனத்தைத் தேர்ந்து வளர்த்தார். 1935இல் அது சிறு போத்தற் பானமாக விற்பனைக்கு வந்தது. புரோபயோற்றிக் என்ற சொல் 1965இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வேறொரு பொருளிற் கையாளப்பட்டுப் படிப்படியாக இன்றைய பொருளைப் பெற்றது. 2001இல் உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு அதற்கு வரைவிலக்கணம் தந்தது: போதிய அளவில் உட்கொள்ளப்படும்போது உண்பவருக்கு நன்மை பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள். உயிருள்ளமை, போதிய அளவு, மெய்ப்பிக்கப்பட்ட நன்மை ஆகிய மூன்று நிபந்தனைகள் இதிலுள்ளன. விற்பனை விளம்பரங்கள் முதலிரண்டைப் பேசி மூன்றாவதை விழுங்கிவிடுவது வழக்கம்.

மெச்னிக்கோவ் குடலைப்பற்றிக் கூறியதை வாய்க்குப் பொருத்தலாமா? இவ்வெண்ணம் தோன்றுவதற்கு வாய் என்பது கிருமியின் இருப்பிடம் மட்டுமன்று, அவை கூடிவாழும் ஒரு சமுதாயம் என்ற உணர்வு முதலில் ஏற்பட வேண்டியிருந்தது. அவ்வுணர்வை வளர்த்த செய்திகளுள் ஒன்று இலங்கையின் மலையகத் தமிழரிடமிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார். அது விரிவாக நோக்கற்பாலது.

நோர்வே நாட்டவரான ஹரல்ட் லோ என்னும் பல்வைத்தியப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1970இல் பூண்டுலோயாப் பகுதியைச் சார்ந்த டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தனர். அத்தொழிலாளர் தமிழர். பல்வைத்திய வசதி அவர்களை எட்டியதில்லை. பல் துலக்கும் வழக்கமும் அவர்களிடத்தில் இருக்கவில்லை என ஆய்வாளர் பதிவு செய்தனர். ஒப்பீட்டுக்காக, மிகச் சிறந்த பல்வைத்தியக் கவனிப்பைச் சிறுவயது முதற் பெற்றுவந்த ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களும் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளிற் பரிசோதனை மீண்டும் மீண்டும் நடந்தது. நோக்கம் முரசு நோயின் இயற்கைப் போக்கை அறிவது. தொழிலாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேரிடம் நோய் விரைந்து பெருகியது. எண்பத்தொரு பேரிடம் மிதமாகப் பெருகியது. பதினொரு பேரிடம் முரசு அழற்சிக்கு மேற் செல்லவில்லை. முரசு நோய் பற்றிய உலகப் பாடநூல்கள் அனைத்தும் இன்றும் இவ்வெண்களை எடுத்தாள்கின்றன.

சூத்தையைப் பொறுத்தவரை இவ்வாய்வின் பக்க விளைவே முக்கியமானது. இத்தொழிலாளரின் பற்களிற் படையும் காரையும் அளவின்றிப் படிந்திருந்தன, கிருமிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் சூத்தை அவர்களிடம் இல்லையென்னும் அளவுக்கு அருகியே காணப்பட்டது. அழுக்கு இருந்தும் அரிப்பு இல்லை. கிருமியின் இருப்பு மட்டும் பல்லை அரித்துவிடாது, அதற்கு அடிக்கடி சீனி கிடைக்க வேண்டும், சீனி கிடைக்கும்போது எந்த உயிர்கள் தலையெடுக்கின்றன என்பதே வினா என்ற கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று தேடுதல் அரிது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நோர்வேயிலும் ஜப்பானிலும் சீனித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது சிறுவரின் சூத்தை குறைந்தமையும் இதனோடு ஒத்துச் செல்கின்றது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாது விடல் நேர்மையன்று. 480 பேருடன் தொடங்கிய ஆய்வில் 1985இல் எஞ்சியோர் 161 பேரே. அப்பதினைந்து ஆண்டுகளும் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றப்பட்ட ஆண்டுகள். இனக்கலவரங்களின் ஆண்டுகளும் அவையே. உலகப் பல்வைத்திய அறிவுக்கு அடித்தளமாயிருந்த அவ்வாய்கள் ஒஸ்லோ நகரத்தார் பெற்ற கவனிப்பைப் பெற்றவை அல்ல. 2010இல், நாற்பது ஆண்டுகளின் பின், ஆய்வாளர் மீண்டுஞ் சென்றபோது 75 பேரை மட்டுமே பரிசோதிக்க முடிந்தது. அறிவியல் அவர்களுக்குப் பட்ட கடன் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

வாய்க் கிருமிகளைச் சூழலியல் நோக்கில் விளக்கியவர் இங்கிலாந்தின் பிலிப் மார்ஷ். 1990களின் முற்பகுதியில் அவர் முன்வைத்த கருத்தின்படி, சீனி அடிக்கடி வரும்போது பற்படையிலே அமிலம் பெருகுகின்றது, அமிலத்தைத் தாங்கும் உயிர்கள் பெருகி ஏனையவை ஒடுங்குகின்றன, சமநிலை குலைகின்றது. சூத்தை என்பது வெளிப்பகைவனின் படையெடுப்பன்று, உள்நாட்டுச் சமநிலையின் குலைவு. பல உயிர்கள் கூடிச் செய்யும் தொழில் என்ற மில்லரின் பழைய கூற்றுக்கு இவ்வாறு மறுவாழ்வு கிடைத்தது. சமநிலை குலைவதே நோய் எனின், நல்ல உயிர்களைச் சேர்த்து அதனை மீளக் கட்டலாம் என்பது அடுத்த படி. புரோபயோற்றிக் சோதனைகளின் அறிவுப் பின்னணி இதுவேயாம்.

இதில் இருவழிகள் பிரிந்தன. முதல் வழி துணிச்சல் மிகுந்தது. அமெரிக்கரான ஜெஃப்ரி ஹில்மன், முதலிற் பொஸ்ரனிலும் பின்னர் புளோரிடாப் பல்கலைக்கழகத்திலும், பகைவனைக் கொண்டே பகைவனை வெல்ல முயன்றார். ஏனைய மியூற்றன்ஸ் கிருமிகளைக் கொல்லும் நச்சுப்பொருளைத் தானே சுரக்கும் ஒரு மியூற்றன்ஸ் வகையை எடுத்து, லக்ரிக் அமிலத்தை ஆக்கும் அதன் மரபணுவை நீக்கினார். அமிலம் செய்ய இயலாத இக்கிருமி ஒருமுறை வாயிற் குடியேறிவிட்டால் அரிக்கும் கிருமிக்கு இடமிராது. 2000இல் இது குறித்த ஆய்வு வெளியாயிற்று. விலங்குகளில் வெற்றியும் பெற்றது. ஆனால் மரபணு மாற்றிய உயிரொன்றை மனிதர் வாயில் நிலையாகக் குடியேற்றுவது தாயிடமிருந்து சேய்க்கும், ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் பரவக்கூடிய செயல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் விதித்த கடும் நிபந்தனைகளிடையே மனிதச் சோதனைகள் முடிவுறாமலே நின்றன.

இரண்டாம் வழி அடக்கமானது, பாலின் வழி. 1980களில் அமெரிக்காவின் கோர்பாக், கோல்டின் ஆகியோர் பிரித்தெடுத்த லக்ரோபசிலஸ் றாம்னோசஸ் ஜீஜீ என்னும் வகை, பின்லாந்திலே பாலிற் கலந்து விற்கப்பட்டு வந்தது. இவ்வகைக்கு ஓர் அரிய பண்பு உண்டு: பாலிலுள்ள லக்ரோசையும் நாம் உண்ணும் சீனியையும் நொதிக்கச் செய்ய இதனால் இயலாது. ஆகவே, சீனியைக் கொண்டு அமிலம் செய்து பல்லை அரிக்கும் என்ற பழைய குற்றச்சாட்டு இதன்மீது எழவில்லை. ஹெல்சிங்கி நகரப் பகற்பராமரிப்பு நிலையங்கள் பதினெட்டில் ஒன்று முதல் ஆறு வயது வரையான 594 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இக்கிருமி கலந்த பாலும் மற்றப் பிரிவினருக்கு வெறும் பாலும், வாரத்தில் ஐந்து நாள், ஏழு மாதங்கள், உணவோடு வழங்கப்பட்டன. பெற்றோருக்கோ பரிசோதித்தோருக்கோ எப்பால் எவருக்கு என்பது தெரியாது. 2001இல் முடிவு வெளியாயிற்று. கிருமிப்பாலை அருந்தியோரிடம் சூத்தை குறைந்திருந்தது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் இவ்வேறுபாடு தெளிவாயிருந்தது. மியூற்றன்ஸ் எண்ணிக்கையும் தாழ்ந்திருந்தது. பாற்கிருமியாற் சூத்தையைத் தடுக்கலாம் என்பதற்கு மனிதரிடமிருந்து கிடைத்த முதற் பெருஞ்சான்று இதுவாகும். ஏழு மாதம் என்பது சூத்தை தோன்றி வளரப் போதிய காலமா என்ற ஐயமும் உடன் எழுந்தது, அவ்வையம் நியாயமானதே.

2009இல் வடசுவீடனில் 248 குழந்தைகளிடம் இருபத்தொரு மாதங்கள் நடந்த சோதனை இவ்வையத்தைத் தீர்க்குமென எதிர்பார்க்கப்பட்டது. சூத்தையில் நான்கில் மூன்று பங்கு தடுக்கப்பட்டதாக அதன் முடிவு கூறியது. ஆயின் அப்பாலிற் கிருமியோடு புளோரைட்டும் கலக்கப்பட்டிருந்தது! வெற்றி கிருமிக்கு உரியதா, புளோரைட்டுக்கு உரியதா என்பதை எவ்வாறு பிரித்தறிவது? சோதனையின் அமைப்பிலேயே விடை தொலைந்துபோயிற்று. சிலியின் சான்ரியாகோவில் 2016இல் வெளியான சோதனை இத்தவறைச் செய்யவில்லை. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் பத்து மாதங்கள் கிருமிப்பால் கொடுத்ததிற் புதுச் சூத்தை குறைந்தது எனக் கண்டது. நியூசிலாந்தின் ஒற்றாகோப் பல்கலைக்கழகத்தில் ஜோன் ராக் என்பாரின் நெடுநாளைய உழைப்பு வேறு திசையிற் சென்றது. பாலிலிருந்தன்றி, நலமான மனித வாயிலிருந்தே அவர் நல்ல கிருமியைத் தேடினார். நாவில் இயல்பாக வாழும் ஸ்ரெப்ரோகொக்கஸ் சலிவேரியஸ் இனத்தின் ஒரு வகையை மாத்திரையாக்கி நூறு சிறுவரிடம் மூன்று மாதம் சோதித்ததிற் பற்படை குறைந்தமை 2013இல் அறிவிக்கப்பட்டது. வாய்க்கு வாயின் உயிரே பொருந்தும் என்ற இவ்வெண்ணம் பாலின் உயிரை வாய்க்கு விருந்தாளியாக அனுப்புவதினும் தருக்கத்துக்கு இசைவானது.

தோல்விகளும் உள. பின்லாந்திலே குழந்தைப் பருவத்திற் பிஃபிடோபற்றீரியம் கொடுக்கப்பட்டோரிடம் நான்கு வயதிலும், சுவீடனிலே பால்மறக்கும் பருவத்தில் வேறொரு லக்ரோபசிலஸ் கொடுக்கப்பட்டோரிடம் ஒன்பது வயதிலும் எவ்வித நன்மையும் காணப்படவில்லை. இவ்விரு முடிவுகளும் 2013இல் வெளியாயின. மறுபுறம், தாய்க்குக் கருக்காலத்தின் இறுதி மாதத்திலும் சேய்க்கு முதலாண்டிலும் லக்ரோபசிலஸ் றொயிற்றெரி கொடுத்த சுவீடனின் மற்றொரு ஆய்வில், ஒன்பது வயதிற் சூத்தையற்றோர் ஒரு பிரிவில் நூற்றுக்கு 82, மற்றப் பிரிவில் 58 என 2014இற் கூறப்பட்டது. புரோபயோற்றிக் என்பது ஒரு மருந்தின் பெயரன்று, ஒரு வகுப்பின் பெயர் என்பதை இம்முரண்பாடுகள் உணர்த்துகின்றன. ஒரு வகையின் வெற்றியை மற்றொரு வகைக்கு உரிமையாக்க முடியாது.

நோயைத் தடுப்பது வேறு, தீர்ப்பது வேறு. ஏற்கெனவே பற்றிய சூத்தையைப் பாற்கிருமி மாற்றுமா என்பதற்குச் சுவீடனில் முதியோரிடம் நடந்து 2011இல் வெளியான சோதனை விடையளிக்க முயன்றது. பற்களின் வேர்ப்பகுதியில் மென்மைப்பட்ட சூத்தையுடைய 160 பேர் நான்கு பிரிவாக்கப்பட்டு, வெறும் பால், கிருமிப்பால், புளோரைட் பால், இரண்டும் கலந்த பால் என்று பதினைந்து மாதங்கள் கொடுக்கப்பட்டனர். முன்னைய சோதனையின் குறையை இந்நான்கு பிரிவுகள் நீக்கின. கிருமி மட்டும் அருந்தியோரிடமும் மென்மையான பகுதிகள் சில மீளக் கடினமாயின. புளோரைட்டின் பயன் அதனினும் மிக்கிருந்தது. குழி விழுந்த பல்லை எந்தக் கிருமியும் அடைக்காது என்பதை இங்கு மறத்தலாகாது. மீட்பு என்பது குழி விழுமுன் உள்ள நிலைக்கே உரியது.

அயல்நாடான இந்தியாவிலும் இத்துறையில் முயற்சிகள் நிகழ்ந்தன. இலக்னோவில் ஏழு முதல் பதினான்கு வயது வரையான 150 சிறுவரிடம் பதினான்கு நாள்கள் நடந்து 2011இல் வெளியான சோதனையில், எச்சிலில் மியூற்றன்ஸ் எண்ணிக்கை குறைந்தது. ஐஸ்கிறீமிற் கிருமி கலந்து கொடுத்துச் செய்த சோதனைகளும் உண்டு. இவ்வகைச் சோதனைகளின் பொதுக்குறை ஒன்றே: அவை எண்ணுவது கிருமியை, சூத்தையை அன்று. இரு வாரத்திற் கிருமியின் எண்ணிக்கை குறைவது எளிது. உட்கொள்வதை நிறுத்தியதும் புதிய உயிர்கள் வாயிலிருந்து மறைந்து பழையவை திரும்புகின்றன என்பதும் பலமுறை காணப்பட்டதே. எச்சிலில் லக்ரோபசிலஸ்களை எண்ணிச் சூத்தையைக் கணித்த 1930களின் மயக்கம் எண்பதாண்டுகளின் பின் வேறு வேடத்தில் மீண்டது போலும்.

இனி, கொழும்பின் நிலையை நோக்குவோம். 1943இற் கொழும்பு மருத்துவ பீடத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கப்பெற்ற பல்வைத்தியக் கல்வி 1950களிற் பேராதனைக்கு மாற்றப்பட்டது. அதே பத்தாண்டில், 1950 ஜனவரியிற் கொழும்பு மாநாட்டிற் கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து தந்த உதவியுடன், பாடசாலைச் சிறுவருக்குச் சிகிச்சை செய்யும் பல்தாதியர் மகரகமையிற் பயிற்றப்பட்டனர். ஈரவலயத்திலுள்ள கொழும்பின் குடிநீரில் இயற்கைப் புளோரைட் மிகச் சொற்பம். வடமத்திய மாகாணத்துக் கிணறுகளிலோ பல்லைக் கறைப்படுத்தும் அளவுக்கு அது மிகுதி. ஒரே தீவில் ஒருபுறம் குறைவும் மறுபுறம் மிகையும் இருந்தமையாற் குடிநீரிற் புளோரைட் கலக்கும் மேலைநாட்டு வழி இங்கு எடுபடவில்லை. 1970களின் முற்பகுதியிற் சீனி பங்கீட்டிலே கிடைத்தது. 1977இன் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. இனிப்புகளும் பிஸ்கற்றுகளும் மென்பானங்களும் தெருமுனைக் கடைகளை நிறைத்தன. அக்காலத்தை அடுத்தே புளோரைட் கலந்த பற்பசையும் வீடுதோறும் பரவியது. பன்னிரண்டு வயதுச் சிறுவரிடம் 1983–84இல் சராசரி 1.9 ஆக இருந்த பழுதுற்ற பற்களின் எண்ணிக்கை 2002–03இல் 0.9 ஆகக் குறைந்தமைக்குப் பற்பசையே முதற்காரணம் எனக் கொள்ளப்படுகின்றது.

பாற்பற்களின் கதை அவ்வாறன்று. 2015–16இன் தேசிய வாய்ச்சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோரிடம் சூத்தை காணப்பட்டது. விழுந்துவிடும் பல்தானே என்ற எண்ணத்தாற் பெற்றோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வலியால் உறங்காத இரவும், உண்ண மறுக்கும் பகலும், பாலர் பாடசாலைக்குச் செல்லாத நாளும் அவ்வெண்ணத்தின் விலை. கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்பிலே நாட்கூலிக்குச் செல்லும் தாய், வோட் பிளேசிலுள்ள பல்வைத்தியசாலையில் வரிசையில் நின்று பிள்ளையின் பல்லைக் காட்ட ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். ஹெல்சிங்கிச் சோதனையில் நன்மை பெற்றோர் இதே வயதினர் என்பதால் அம்முடிவு இந்நகருக்கு வெறும் செய்தியன்று. எனினும், ஹெல்சிங்கியிற் பால் நகரசபையின் பராமரிப்பு நிலையத்தில் மதிய உணவோடு இலவசமாக வந்தது. அங்கே குழந்தைகள் புளோரைட் பற்பசையும் பயன்படுத்தினர். அவ்விரு துணைகளையும் விலக்கிவிட்டுக் கிருமியை மட்டும் இறக்குமதி செய்தால் அதே பயன் கிடைக்குமென எதிர்பார்த்தல் இயலாது. பற்பசையின் விலையோடு ஒப்பிடின் தினமும் ஒரு கிண்ணம் கிருமிப்பால் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாத செலவு.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. சோதனைகளிற் பயன்பட்டது இனிப்பில்லாப் பால். கொழும்புக் கடைகளிற் கிண்ணத்தில் விற்கப்படும் யோகற் பெரும்பாலும் சீனி சேர்த்தது. 1940களில் றொபேட் ஸ்ரீஃபன் அளந்து காட்டியவாறு, சீனி பட்ட சில நிமிடங்களிலேயே பற்படையின் அமிலத்தன்மை ஏறிவிடுகின்றது. அது தணிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகின்றது. நல்ல கிருமி செல்லும் வாகனத்திலேயே கெட்ட கிருமிக்கு உணவும் செல்கின்றது. 2016இல் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. 2017இல் சீனிப் பானங்கள்மீது வரியும் விதிக்கப்பட்டது. மட்சட்டித் தயிரோ சீனி சேராதது. அதன் கிருமிகள் ஹெல்சிங்கியின் கிருமிகள் அல்ல. ஊருக்கு ஊர், உறைக்கு உறை வேறுபடுபவை. அவற்றைப் பல்லின்பொருட்டுப் பிரித்தறிந்து சோதிப்பது பேராதனையிலும் கொழும்பிலும் உள்ள ஆய்வுகூடங்களாற் செய்யக்கூடிய, செலவு மிகாத பணி. ஆனால் அத்தயிரையும் கித்துட் பாணி ஊற்றாது உண்போர் இந்நகரில் வெகு சிலரே.